ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க, கேட் கார்டையும் பிளாக் பண்ணிட்டாங்க. இப்ப என்ன செய்யணும்?

ஒரகடம்_டர்னர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் சிஎன்சி டர்னிங் (கம்ப்யூட்டரில் ஓடற லேத்) ஆபரேட்டர், பெர்மனென்ட். சர்வீஸ் 8 வருஷம் 4 மாசம். பேசிக், டிஏ சேர்த்து 15,600; மொத்தம் 20,500. பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டும் உண்டு. போன மாசம் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆச்சு. டிராயிங் ரிவிஷன் மாறினது மெஷினுக்கு வரவே இல்லை, பழி மட்டும் என் மேல வந்தது. மெமோ கிடையாது, என்கொயரி கிடையாது. திங்கட்கிழமை ஹெச்ஆர் ரூமில் டைப் அடிச்ச ராஜினாமா கடிதத்தை நீட்டினாங்க. கையெழுத்து போட்டா ரெண்டு மாசச் சம்பளமும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும், இல்லைன்னா டிஸ்மிஸ்னாங்க. போடலை. மறுநாள் கேட்டில் கார்டு எடுக்கலை. இன்னைக்கு நாலாவது நாள். வயசு 38, வீட்டு லோன் இஎம்ஐ 9,200. கையெழுத்து போட்டுட்டு விலகிடறதா, கேஸ் போடறதா? வேற வேலைக்குப் போயிட்டா கேஸ் செல்லாம போயிடுமா?

சமரச_மேசை

தம்பி, கையெழுத்து போடாதது ரொம்ப நல்லது. முதல்ல அந்த ரெண்டு மாசச் சம்பளம்னு சொன்னதை எடை போட்டுப் பாருங்க.

குற்றம் நிரூபிக்காம வேலையை விட்டு எடுத்தா அதுக்குப் பேர் ஆட்குறைப்பு. ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம், கூடவே முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் தரணும். பேசிக், டிஏவை மட்டும் வச்சே கணக்குப் போட்டாலும் 15,600-ம், 7,800 வீதம் 8 வருஷத்துக்கு 62,400-ம் சேர்த்து 78,000. கிராஜுவிட்டி (சர்வீஸுக்காகத் தர்ற பணிக்கொடை) தனி: 15,600-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 8 வருஷத்தால் பெருக்கினா 72,000. ஆக ஒன்றரை லட்சம். லீவு சம்பளமும் போனஸும் இதில் சேரலை. அவங்க நீட்டறது 41,000. நீங்களே ராஜினாமா செஞ்சதா ஆயிட்டா அந்த 78,000 அப்படியே போயிடும். கடிதத்தை முன்கூட்டியே டைப் அடிச்சு வைக்கிறது இதுக்குத்தான்.

அடுத்த ஆபத்து தபாலில் வரும். சில நாளில் வீட்டு முகவரிக்கு, 'முன் அனுமதி இல்லாமல் வேலைக்கு வரவில்லை, இத்தனை நாளுக்குள் ஆஜராக வேண்டும்'னு ஒரு கடிதம் வரலாம். பயத்தில் வாங்காம திருப்பி அனுப்பறவங்க நிறைய பேர். அப்படித் திருப்பிட்டா, தானா வேலையை விட்டு ஓடிட்டார்னு ஃபைலை மூடிடுவாங்க. கண்டிப்பா வாங்குங்க, அன்னைக்கே பதில் போடுங்க.

அது வரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். நாளைக்கு உங்க ஷிஃப்ட் நேரத்துக்கு யூனிஃபார்மோட, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு கேட்டுக்குப் போங்க. கார்டைக் காட்டுங்க, செக்யூரிட்டி சொல்றதைக் கேளுங்க. வாக்குவாதம் வேண்டாம். அங்கே நின்னபடியே ஹெச்ஆருக்கு மெயிலும் வாட்ஸ்அப்பும் அனுப்புங்க. நீளமா எழுத வேண்டியதில்லை:

'இன்று காலை 6 மணி ஷிஃப்டுக்கு வந்தேன். கேட்டில் அனுமதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முதல் இதே நிலை. திங்கட்கிழமை ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துக் கேட்டீர்கள், நான் மறுத்தேன். நான் வேலையை விடவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னை அனுமதிக்கவும், இல்லையேல் காரணத்தை எழுத்தில் தரவும்.'

இதையே பேப்பரில் எழுதி, தேதி போட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்க. 2025 செப்டம்பர் 1 முதல் பழைய ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. அதனால கவுன்ட்டரில் பதிவும் டெலிவரி ஆனதுக்கான ஒப்புகையும் வேணும்னு வாய்விட்டுக் கேட்டு வாங்குங்க. ரசீதைக் கடிதத்தோட நகலில் பின் அடிச்சு வைங்க. வெயிலில் அந்த ரசீது மங்கிடும், போட்டோவும் எடுத்து வைங்க.

டிராயிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி உள்ளே இருக்கிற நண்பரைக் கேட்காதீங்க. கம்பெனி ரகசியத்தை வெளியே விட்டதா அவர் வேலைக்கும் ஆபத்து, உங்க மேலயும் புதுக் குற்றச்சாட்டு வரும். டிராயிங் நம்பர், ரிவிஷன் எழுத்து, ரூட் கார்டு (பீஸோட கூடவே போற வேலைச் சீட்டு) நம்பர், ஜாப் ஓடின தேதி, முதல் பீஸை அப்ரூவ் பண்ண இன்ஸ்பெக்டர் எந்த ஷிஃப்ட், இதெல்லாம் நினைவில் இருக்கும்போதே நோட்டில் எழுதி வைங்க. கம்பெனி அந்தப் பேப்பர்களைக் கொண்டுவரணும்னு தீர்ப்பாயத்தில் கேட்டு உத்தரவு வாங்கலாம். முதல் பீஸ் அப்ரூவ் ஆகியிருந்தா ஆபரேட்டர் மேல மட்டும் பழி நிற்காது, உங்க கேஸோட முதுகெலும்பே அதுதான்.

இன்னொண்ணு. 'ரிஜெக்ஷனுக்கு நானே காரணம், மன்னிக்கவும்'னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா மறுபடி எடுத்துக்கறோம்னு சொன்னாலும் எழுதிடாதீங்க. அலட்சியத்தால் கம்பெனி சொத்துக்கு நஷ்டம்னு காட்டி நீக்கினா, அந்த நஷ்டத்தோட அளவுக்குக் கிராஜுவிட்டியைப் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கு. 72,000-ஐ ஒரே வரியில் கரைச்சுடுவாங்க.

மெயிலுக்கு ஒரு வாரத்தில் பதில் இல்லைன்னா மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில், ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கப் பார்க்கிற சமரச அலுவலருக்கு மனு கொடுங்க. 2025 நவம்பர் 21-ல் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தாச்சு. இந்த மாதிரி தகராறை எடுத்துட்டுப் போக முன்னே மூணு வருஷம் இருந்த அவகாசம் இப்ப ரெண்டு வருஷம்தான், பழைய கணக்கை நம்பி ஆறப் போடாதீங்க. பேச்சு முறிஞ்சா சமரச அலுவலர் அறிக்கை தருவார். அது கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகணும். அறிக்கை வந்த கவரையும் தூக்கிப் போடாம வைங்க, தேதிக்கு அதுவே சாட்சி.

பிஎஃப்_கவுன்ட்டர்

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் பணத்தை மட்டும் பேசறேன்.

பிஎஃப்பை மொத்தமா எடுக்கணும்னு கை பரபரக்கும். பென்ஷன் பங்கைத் தயவுசெஞ்சு தொடாதீங்க. 58 வயசில் மாசப் பென்ஷன் வர 10 வருஷ சர்வீஸ் வேணும், ஆறு மாசமும் அதுக்கு மேலயும் வந்தா முழு வருஷமா எடுத்துப்பாங்க. அதாவது ஒன்பதரை போதும். உங்ககிட்ட 8 வருஷம் 4 மாசம் இருக்கு. அடுத்த கம்பெனியில் அதே யுஏஎன்னில் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) 14 மாசம் சேர்ந்தா கரை ஏறிடலாம். 10சி படிவம் போட்டு பென்ஷன் பணத்தை எடுத்துட்டா இந்த எட்டு வருஷமும் அழிஞ்சு முதல்லேருந்து எண்ணணும். புது இடத்தில் புது யுஏஎன் போட்டுத் தரோம்னா ஒத்துக்காதீங்க.

யுஏஎன் போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியை வாராவாரம் பாருங்க. விலகின தேதியையும் காரணத்தையும் கம்பெனிதான் ஏத்தும். தானா விலகினதா ஏத்தியிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மறுப்பு மெயில் போட்டு, சமரச மனுவோடயும் சேருங்க. தேதியே ஏத்தாம இழுத்தடிச்சா, கடைசிச் சந்தா கட்டி ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே ஏத்தலாம். ஆனா வேலையை விடலைன்னு எழுதி வச்சுட்டு நீங்களே தேதி போட்டா முரணாத் தெரியும், வக்கீலைக் கேட்டுட்டுப் போடுங்க.

இஎஸ்ஐயில் வேலை போனவங்களுக்குப் பணம் தர்ற அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனான்னு ஒரு திட்டம் இருக்கு. சராசரி தினச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரைக்கும், ஆயுளில் ஒரு தடவை. ரெண்டு வருஷ இன்சூரன்ஸ் வேணும், வேலை போறதுக்கு முந்தின சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். வேலை போய் 30 நாள் ஆனபிறகு விண்ணப்பிக்கலாம். ஒழுங்கீனத்துக்காக நீக்கினவங்களுக்குக் கிடையாது, காகிதத்தில் என்ன காரணம் ஏறுதுங்கறது இங்கேயும் குறுக்கே வரும். காலத்துக்குக் காலம் நீட்டிக்கிற திட்டம், அதனால கிளை அலுவலகத்தில் இப்ப நடப்பில் இருக்கான்னு கேட்டுட்டு மனு போடுங்க. இஎஸ்ஐ மருத்துவம் வேலை போன அன்னைக்கே நிக்காது. ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாள் கட்டியிருந்தா அடுத்த ஜனவரி–ஜூன் வரைக்கும் கார்டு செல்லும். வீட்டில் யாருக்காவது வைத்தியம் பாக்கி இருந்தா இப்பவே முடிச்சுடுங்க.

இஎம்ஐ பவுன்ஸ் ஆகறதுக்கு முன்னே கிளை மேனேஜரை எழுத்தில் கேளுங்க, தவணையை மாத்தியமைக்க வழி உண்டு. ஒரு பவுன்ஸ் விழுந்த பிறகு அதே மேனேஜர் பேசற விதம் மாறிடும்.

ஒரகடம்_டர்னர்

ரொம்ப நன்றிங்க. இன்னைக்குக் காலையில் கேட்டுக்குப் போய் மெயில் அனுப்பிட்டேன். மத்தியானமே ஹெச்ஆரில் இருந்து போன், செட்டில்மென்ட் செக் ரெடி, வந்து வாங்கிக்கோன்னு. வாங்கலாமா? வேற வேலையைப் பத்தியும் யாராவது சொல்லுங்க.

சமரச_மேசை

போனில் சொன்னதை நீங்க மெயிலில் எழுதிக் கேளுங்க: எந்தத் தொகை, எந்தக் கணக்கில்? நிலுவைச் சம்பளம் வேலை நீங்கின ரெண்டு வேலை நாளில் தரவேண்டியதுதான், அதை வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்க. நேரில் போனா 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'ன்னு ஒரு வரி ரசீதில் இருக்கும். அந்த வரியை அடிச்சு நீக்க விடலைன்னா கையெழுத்துக்கு மேலே 'என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்'னு உங்க கையால எழுதுங்க. அதுக்கும் விடலைன்னா செக் வேண்டாம், திரும்பி வந்துடுங்க. வெற்றுப் பேப்பர், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின பேப்பர் எதிலும் கை வைக்காதீங்க.

வேற வேலைக்குப் போனா கேஸ் சாகாது. நீக்கியது தவறுன்னு தீர்ப்பானா இடைப்பட்ட காலச் சம்பளத்தோட மறுபடி வேலைதான் பொதுவிதின்னு 2013-ல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதே தீர்ப்பு, இடைப்பட்ட காலத்தில் வேலை இல்லை அல்லது குறைஞ்ச சம்பளத்தில் இருந்தேன்னு தொழிலாளி முதல்ல சொல்லணும்னும் சொல்லுது. அதனால புது வேலையை மறைக்காதீங்க. சேர்ந்த தேதி, சம்பளச் சீட்டு எல்லாம் பத்திரமா இருக்கட்டும். பிஎஃப் பதிவில் எப்படியும் தெரிஞ்சுடும், மறைச்சது தெரிஞ்சா மத்த சாட்சியத்தையும் நம்ப மாட்டாங்க.

டூல்_ஆஃப்செட்

வேலை தேடறதுக்கு நான் சொல்றேன் அண்ணே. பயோடேட்டாவில் '8 வருஷ சிஎன்சி அனுபவம்'னு மட்டும் போட்டா யாரும் ரெண்டாவது தடவை பார்க்க மாட்டாங்க. எந்த கன்ட்ரோல், ஃபானக்கா சீமென்ஸா, எந்த மெட்டீரியல், பிடிச்ச டாலரன்ஸ் எவ்வளவு, ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) மட்டும் போடுவீங்களா, பீஸைப் பிடிக்கிற ஜாவைப் போர் பண்ணி முழு செட்டிங்கும் பண்ணுவீங்களா, புரோகிராம் எடிட் வருமா. இந்த அஞ்சு வரியைப் பேர், போனுக்குக் கீழே முதல்ல வைங்க. ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் சம்பளத்தில் இருக்கிற இடைவெளி அங்கேதான் முடிவாகுது.

டிரேட் டெஸ்ட்டில் பெரும்பாலும் டிராயிங்கைக் கொடுத்து முதல் பீஸ் எடுக்கச் சொல்வாங்க. மெஷினைத் தொடறதுக்கு முன்னே டைட்டில் பிளாக்கில் (டிராயிங்கோட விவரம் எழுதின கட்டம்) ரிவிஷனைப் படிச்சு, புரோகிராமில் இருக்கிறதோட ஒத்துப் போகுதான்னு வாய்விட்டுக் கேளுங்க. உங்க விஷயத்தில் அந்த ஒரு கேள்விக்கு எடை ஜாஸ்தி.

ஏன் விலகினீங்கன்னு கேட்டா, 'ரிஜெக்ஷன் தகராறில் என்கொயரி இல்லாம நிறுத்திட்டாங்க, தொழிலாளர் துறையில் மனு இருக்கு'ன்னு சொல்லிட்டு வேலையைப் பத்திப் பேசுங்க. பழைய மேனேஜரைத் திட்ட ஆரம்பிச்சா இன்டர்வியூ அங்கேயே முடிஞ்சுடும். சேர்ற இடத்தில் ஆஃபர் லெட்டர் யார் பேரில்னு பாருங்க: கம்பெனி பேரிலா, கான்ட்ராக்டர் பேரிலா, டிரெய்னீன்னா? 38 வயசில் டிரெய்னீயா போட்டா பிஎஃப் பிடிப்பாங்களான்னு முதல்லயே கேளுங்க, அந்த 14 மாசம் உங்களுக்கு முக்கியம். மாநில அரசோட தனியார் வேலைவாய்ப்பு இணையத்தில் பதிவு இலவசம். வேலைக்கு முன்பணம் கேக்கற ஏஜென்சிப் பக்கம் போகாதீங்க. செட்டிங், புரோகிராமிங் கத்துக்கணும்னா பக்கத்து அரசு ஐடிஐயில் தொழில் 4.0 மையம் இருக்கா, குறுகிய காலப் பயிற்சி எப்பன்னு கேட்டுப் பாருங்க. 71 ஐடிஐயில் அந்த மையத் திட்டம் உண்டு.

ஒப்புகை_அட்டை

வக்கீல் ஃபீஸ் பத்தி யாரும் சொல்லலை. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் தொழிற்சாலைத் தொழிலாளியும் வர்றார், வருமான வரம்பு பார்க்காம இலவச வக்கீல் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும், இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. போகும்போது சம்பளச் சீட்டு, நியமன உத்தரவு, நீங்க அனுப்பின மெயிலோட பிரிண்ட், ஸ்பீட் போஸ்ட் ரசீது எல்லாம் ரெண்டு செட். ராத்திரி தூக்கம் வரலைன்னா 14416, டெலி மானஸ், எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.