சிங்கப்பூர் டிஸ்க், இந்தியக் கணக்கு: காசு கொடுத்து வாங்கிய டி.எல்.சி. விளையாட்டுக்குள் வரவில்லை

நாகை நண்டு:
என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 4. வாளும் குதிரையுமாகக் காடு மேடெல்லாம் திரியும் ஒரு பெரிய விளையாட்டின் டிஸ்க்கைச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தார். பழைய டிஸ்க், பாதி விலை. அறுபது மணி நேரம் ஆடிவிட்டேன், ஒரு குறையும் இல்லை. நான்கு நாட்களுக்கு முன் தள்ளுபடி வந்ததும் இந்தியக் கணக்கிலிருந்து அதன் இரண்டு டி.எல்.சி.களையும், அதாவது தனியாக விற்கும் கூடுதல் பகுதிகளையும், வாங்கினேன். முதலாவது முழுதாக இறங்கிவிட்டது, ஆனால் விளையாட்டுக்குள் அதன் சுவடே இல்லை. உரிமத்தை மீட்டுப் பார்த்தேன், அழித்துவிட்டு மறுபடியும் இறக்கினேன். பணம் போனதுதான் மிச்சமா?

வட்டுப் பைத்தியம்:
கன்சோலில் பழுது இல்லை, தம்பி. டிஸ்க் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும், டி.எல்.சி. அப்படியில்லை, தன் பதிப்பைச் சேர்ந்த விளையாட்டோடு மட்டுமே ஒட்டும். டிஸ்க்கில் உள்ள விளையாட்டுக்குச் சி.யு.எஸ்.ஏ. என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் உண்டு. கணினியில் பிளேஸ்டேஷன் ஸ்டோரைத் திறந்து அந்த டி.எல்.சி. பக்கத்தின் முகவரியையும் பாருங்கள், அதிலும் அப்படி ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா?

நாகை நண்டு:
இல்லை அண்ணா. முகவரியில் இ.பி. என்ற எழுத்துகளும் முன்னால் இருக்கின்றன.

வட்டுப் பைத்தியம்:
அது ஐரோப்பியப் பதிப்பு. இந்திய ஸ்டோரில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். சித்தப்பா கொண்டுவந்தது ஆசியப் பதிப்பு. பெயரும் படமும் ஒன்றே என்றாலும், கன்சோலைப் பொறுத்தவரை இவை இரு வேறு விளையாட்டுகள். ஆகவே இந்தியாவில் விற்கும் டிஸ்க்கை வாங்கினாலும் உங்கள் அறுபது மணி நேரச் சேமிப்பு அதில் திறக்காது. இரண்டாவது டி.எல்.சி.யை இறக்கிவிட்டீர்களா?

நாகை நண்டு:
இடம் போதாமல் அதைத் தொடங்கவே இல்லை.

வட்டுப் பைத்தியம்:
தப்பித்தீர்கள்! தொடவே தொடாதீர்கள். வாங்கி 14 நாட்களுக்குள், இறக்கத் தொடங்காமல் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதலாவதற்கும் கேட்டுப் பாருங்கள், ஆனால் நம்பியிருக்க வேண்டாம்.

தேநீர் இடைவேளை:
கணினியில் ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் பெரும்பாலும் எல்லா நாட்டுக்கும் விளையாட்டு ஒன்றே, விலைதான் வேறு. அங்கே மலிவான நாட்டுக்குக் கணக்கை மாற்றுவதே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. நாட்டை மாற்ற மூன்று மாத இடைவெளி வேண்டும் என்றார்கள். 2023 நவம்பர் 20 முதல் அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் விலையையே டாலருக்கு மாற்றிவிட்டார்கள். பெசோவும் லிராவும் நிலையாக இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். குறுக்கு வழியில் போனவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள், உள்ளூர்க்காரர்கள்தான் பாவம்.

வட்டுப் பைத்தியம்:
இழையைத் திசைதிருப்பாதீர்கள் ஐயா. தம்பி, டிஸ்க்கை மாற்றாமல் ஆட ஒரு வழி உண்டு. சிங்கப்பூர்க் கணக்கில் அந்த டி.எல்.சி.யை வாங்கி, உங்கள் கன்சோலை அந்தக் கணக்கின் முதன்மைக் கன்சோலாக்கினால், உங்கள் பழைய கணக்கிலிருந்தே ஆடலாம். சேமிப்பும் அப்படியே இருக்கும். வாழாத நாட்டின் பெயரில் கணக்குத் திறப்பது விதிப்படி சரியல்ல என்பதால் அதை நான் சொல்லித்தர மாட்டேன். சித்தப்பாவுக்குக் கணக்கு இருக்கிறதா?

நாகை நண்டு:
இருக்கிறது, தம்பிப் பயலுக்காகத் திறந்தாராம். தீபாவளிக்கு வரும்போது இங்கே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இரண்டாவது டி.எல்.சி.யின் பணம் இன்று காலை திரும்பி வந்துவிட்டது. முதலாவதற்கு முடியாது என்று பதில் வந்திருக்கிறது.