செய்தியாளர் தொடர்களில் சதி இருக்கிறது, தராசு இல்லை

பொகவந்தலாவைப் பழைய நிருபர்:

மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவனுடைய மடிக்கணினியில் இரண்டு தொடர்களை முழுமையாகப் பார்த்தேன். ஒன்று, 2003இல் பிபிசி ஒளிபரப்பிய 'ஸ்டேட் ஆஃப் பிளே'. மற்றது, 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஹிந்தித் தொடர் 'ஸ்கூப்'. இரண்டுக்கும் ஆறாறு பாகங்கள். இரண்டிலும் பத்திரிகைக்காரர்கள், கொலை, மறைக்கப்பட்ட உண்மை. நடிப்பைக் குறை சொல்ல மாட்டேன். இரவு ஒரு மணி வரை எழும்பாமல் இருந்து பார்த்தேன். ஆனால் ஒரு கோபம் மனதில் தங்கிவிட்டது. அதை இங்கே எழுதுகிறேன்.

லண்டன் தொடரில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் ஆய்வு உதவியாளரான இளம்பெண் சுரங்க ரயிலில் விழுந்து இறக்கிறாள். இன்னோர் இளைஞன் தெருவில் சுட்டுக் கொல்லப்படுகிறான். சம்பந்தமில்லாத இரண்டு சாவுகள் போலத் தோன்றும். நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் எண்ணெய் நிறுவனத்தின் காசில் போய் நிற்கும். ஒரு பூட்டு, ஒரு திறவுகோல். திறந்துவிட்டால் எல்லாம் கொட்டிவிடும்.

நான் பதினேழு ஆண்டுகள் பிரதேச நிருபராக இருந்தவன். தோட்டத்துச் செய்தி எதற்கும் எனக்குத் திறவுகோல் தேவைப்படவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குப் பாரம், ஈரப் பாரம் என்று ஒவ்வொரு நிறுவைக்கும் கிலோக் கணக்கில் கழிப்பதை வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களும் கண்ணால் பார்ப்பார்கள். பத்தொன்பது கிலோ பறித்தவளுக்குப் பதினாறு விழும். சொன்ன அளவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பெயர், அதாவது பாதி நாள் சம்பளம். பட்டப்பகலில் தராசுக்கு முன்னால் நடக்கிற காரியம் இது. நான்கு பத்தி எழுதி அனுப்பினேன்; இரண்டு வரி வந்தது. வெளிவந்த அளவுக்குத்தான் கொடுப்பனவு. பஸ் காசுக்கும் தொலைநகலுக்குமே அது காணாது.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை எவரும் இரவோடு இரவாகத் திருடிக் கிழிக்கவில்லை. ஆனாலும் சனம் அதே லயத்தில்தான் படுத்துறங்கியது. போய் இருப்பதற்குக் காணியும் வீடும் வேண்டுமே! இந்தக் கதையை எந்தத் தொடர் எடுக்கும்? துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை, கடைசிப் பாகத்தில் பிடிபடுவதற்கு ஓர் ஆளும் இல்லை.

இந்தத் தொடர்களில் ஊறிய பிள்ளைகள் பெரிய இரகசியத்தைத் தேடி அலைகிறார்கள். கண் முன்னால் தொங்கும் தராசைப் பார்ப்பதில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

தலவாக்கலை மாணவி:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சிறியவள். ஆனாலும் இதை ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

எனக்கு அந்த லண்டன் தொடரில் கொலை பெரிதாகத் தெரியவில்லை. இறந்த பெண்ணுக்கு உண்மையில் யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று தேடிப் போகிறார்களே, அதுதான் மனதில் நின்றது. அந்தக் கேள்வியை எடுத்து எங்கள் தோட்டப் பாதைக்குப் பொருத்திப் பார்த்தேன். பிரதான வீதியிலிருந்து எங்கள் டிவிஷனுக்கு வரும் பாதையைச் செப்பனிட்டுவிட்டதாகப் பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள். பாதி தூரத்தில் கல்லும் குழியும்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினேன். எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை மீற்றருக்கு, யாருக்குக் காசு போனது என்று மூன்றே கேள்விகள். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். எனக்கு இரண்டு மாதமும் ஒரு மேன்முறையீடும் ஆனது. பதில் வந்தது. பலகையில் எழுதியிருந்த தூரமும் கோப்பில் இருந்த தூரமும் வேறு வேறு. அந்தத் தாளைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்தபோது அம்மாவின் கை நடுங்கியது. என் கை நடுங்கவில்லை.

இதை எனக்குப் பாடசாலையில் எவரும் சொல்லித்தரவில்லை. உங்கள் தராசுக் கதையிலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, ஐயா. கழித்த மூன்று கிலோவும் காற்றில் கரைந்து போகாது. அது எந்தக் கணக்கில் ஏறியது?

பதுளை டீச்சர்:

மகள், உங்கள் விண்ணப்பத்தை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் ஒரு மாணவியை வைத்து முடிவு கட்ட முடியாது. இருபத்திரண்டு வருடமாக வகுப்பறையில் நிற்கிறவள் சொல்கிறேன், இந்தத் தொடர்கள் அதிகமாக வளர்ப்பது கேள்வியை அன்று, சந்தேகத்தை. கேள்வி கேட்கிறவர் பதில் வரும்வரை காத்திருப்பார். சந்தேகப்படுகிறவரிடம் பதில் முதலிலேயே இருக்கும்.

2011 ஆகஸ்ட் மாதத்தை இங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பில் கிரீஸ் பூசிக்கொண்டு வந்து பெண்களைத் தாக்குகிறான், கிரீஸ் பூதம், மர்ம மனிதன் என்று மலை முழுவதும் பேச்சு. பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகப் பயந்தார்கள். ஆண்கள் கத்தியோடும் கம்போடும் லயத்து வாசலில் விடிய விடியக் காவல் இருந்தார்கள். என் வகுப்பில் பாதி வாங்கு காலி. வந்த பிள்ளைகளிடம் யார் பார்த்தது என்று கேட்டேன், ஒருவரும் பார்க்கவில்லை. யார் அனுப்பியது என்று கேட்டால் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பதில் இருந்தது. அரசியல்வாதி, படை, புதையல் தோண்டுகிறவர், வெளிநாட்டுக்காரர். 'காரணம் இல்லாமல் நடக்குமா டீச்சர்?' என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அந்த நாட்களில் ஊருக்குப் புதிய முகமாக வந்த வியாபாரிகூட அடிக்குப் பயந்துதான் நடமாடினான்.

எதுவும் தற்செயல் இல்லை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது என்பதுதான் சதிக்கதையின் இலக்கணம். அதைப் பாகம் பாகமாகப் பழகிய மனம் தெருவிலும் அப்படித்தான் பார்க்கும். தமிழில் 2022இல் அமேசான் பிரைமில் வந்த 'வதந்தி' தொடரை மட்டும் என் மாணவிகளைப் பார்க்கச் சொல்லுவேன். இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அந்தக் கதைகளே அவளை இன்னொரு முறை கொல்லும். கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போய்ப் பெட்டியில் திரும்பிய நம் சிறுமிகளைப் பற்றி ஊர் என்ன பேசியது, பத்திரிகை என்ன எழுதியது என்று நினைத்துப் பார்த்தால் அந்தத் தொடர் சுடும்.

கண்டி வாசகர்:

டீச்சர், மன்னிக்க வேண்டும். 'சந்தேகப்படாதே' என்ற புத்திமதி இந்த நாட்டில் யாருக்கு உதவியது?

கொல்லப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட பத்திரிகையாளர்களை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2000. மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2004. கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட தர்மரத்தினம் சிவராம், 2005. லசந்த விக்கிரமதுங்க, 2009 ஜனவரி 8. பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமல் ஆக்கப்பட்டார். அவருடைய மனைவி நீதிமன்றத்துக்கும் வீதிக்கும் நடந்த நடையை நாடே பார்த்தது. இவற்றுக்குப் பின்னால் கை இல்லை என்று எந்தப் பிள்ளையிடம் சொல்லுவீர்கள்? கிரீஸ் பூதத்தையும் இதையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

பழைய நிருபர் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலையகத்தில் சதிக்கதையே இல்லையா? 1937இல் பிரேஸ்கேடில் என்ற ஆஸ்திரேலிய இளைஞரை நாட்டைவிட்டு வெளியேற்ற ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். மடுல்கலைப் பக்கத் தோட்டத்தில் துரைத் தொழில், அதாவது தோட்ட நிர்வாகம், பழக வந்து, தொழிலாளர் பக்கம் நின்று மேடையில் பேசியதுதான் அவர் செய்த குற்றம். பொலிஸ் தேடத் தேட ஒளிந்திருந்து, காலிமுகத்திடல் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் மேடையேறினார். கடைசியில் அந்தக் கட்டளை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்னால், வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில், 'தேசபக்தன்' பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக மூட்டை சுமந்து லயங்களுக்குள் போய்ச் செய்தி எடுத்தாரே! லண்டன் தொடர் எதற்கு? எடுக்க ஆள் இல்லாததுதான் குறை.

தலவாக்கலை மாணவி:

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாத் தொடரும் நிருபரை வீரனாக்குவதில்லை. அமெரிக்காவின் 'தி வயர்' தொடரில் 2008இல் வந்த ஐந்தாவது பருவத்தைப் பாருங்கள். அதை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் பத்திரிகையொன்றில் நிருபராக வேலை செய்தவர். ஆட்களைக் குறைத்துக்கொண்டே போகும் ஒரு பத்திரிகை அலுவலகம். அங்கே இல்லாத ஆட்களின் பேச்சை உண்டாக்கி எழுதுகிறவனுக்குத்தான் பரிசு கிடைக்கிறது. அதைப் பார்த்த பிறகு எந்தச் செய்தியை வாசித்தாலும் 'இதை யார் சொன்னது?' என்று தேடுகிறேன். இது கெட்ட பழக்கமா, டீச்சர்?

பதுளை டீச்சர்:

இல்லை. நல்ல பழக்கம். ஆனால் நீங்கள் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டீர்கள். என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அவர்கள் எதைப் பொறுக்குகிறார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

பொகவந்தலாவைப் பழைய நிருபர்:

கண்டித் தம்பி சொன்ன பெயர்களுக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். சதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. லசந்தவின் கொலையைத் தொடராக எடுக்கப் பலர் முன்வருவார்கள். விமானப்படைக்கான மிக் போர் விமானக் கொள்வனவு பற்றி அவருடைய 'சண்டே லீடர்' பத்திரிகை விலை விலையாக, ஒப்பந்தம் ஒப்பந்தமாக எழுதியதே, அந்த வேலையை ஒரு முழுப் பாகத்துக்குக் காட்ட எவர் துணிவார்? நிருபர் செத்த பிறகுதான் கதை தொடங்குகிறது. அவர் உயிரோடு செய்த வேலை முன்கதைச் சுருக்கமாகிவிடுகிறது.

மாணவிக்கு ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க வேண்டும். 'ஸ்கூப்' பற்றி முதலில் ஒரு வரியோடு தாண்டிப் போனேன். தாண்டியதற்குக் காரணம் இருந்தது.

அது நடந்த கதை. 2011 ஜூன் 11 அன்று மும்பையில் குற்றச் செய்தியாளர் ஜே. டே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஜிக்னா வோரா என்ற இன்னொரு பெண் நிருபரைக் கைது செய்தார்கள். மாதக் கணக்கில் சிறையில் இருந்தார். 2018இல் நிரபராதி என்று நீதிமன்றம் விடுவித்தது. தொடரில் என்னை உலுக்கியது சிறை இல்லை. அவரோடு ஒரே வாங்கில் இருந்து தேநீர் குடித்த நிருபர்கள், பொலிஸ் வாயிலிருந்து விழுந்ததை அப்படியே தலைப்பாக்குகிறார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து இளைஞன் ஒருவனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள். பொலிஸ் சொன்னதை நான் அனுப்பினேன். பெயர், வயது, தோட்டம், டிவிஷன், லயம் வரைக்கும் எழுதினேன். அதை வெட்டவில்லை, முழுதாக வந்தது. கொடுப்பனவும் முழுதாக வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விடுதலையானதை நான் எழுதவில்லை. அதை எவரும் கேட்கவும் இல்லை. அவனுடைய தங்கைக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் அந்தச் செய்தித்தாளால் நின்றுபோனதைப் பிற்பாடு கேள்விப்பட்டேன். தராசைப் பற்றி எழுதிய கைதான் இதையும் எழுதியது.

தலவாக்கலை மாணவி:

ஐயா, இத்தனை வருடம் மனதில் கிடந்ததை எழுத வைத்தது ஒரு தொடர்தானே. இதற்கு மேல் நான் வாதாட மாட்டேன்.

பதுளை டீச்சர்:

நான் வாதாடுவேன். அவரை எழுத வைத்தது தொடர் இல்லை, அவருடைய மனச்சாட்சி. அந்த ஹிந்தித் தொடரைப் பார்த்த பலரும் அடுத்த தொடருக்குப் போயிருப்பார்கள்.

கண்டி வாசகர்:

ஐயா, நீங்கள் எழுதிய இதுவே தொடராக எடுக்கத் தகுந்த கதை. மலையகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் குறும்படம் எடுக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்கள்தான். அவர் எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று சொல்லுங்கள். அவர்களை உங்களிடம் அனுப்புகிறேன்.

பொகவந்தலாவைப் பழைய நிருபர்:

சொல்ல மாட்டேன், தம்பி. அவரிடம் கேட்காமல் ஒரு முறை அவருடைய பெயரை அச்சில் ஏற்றிவிட்டேன். அவர் இப்போதும் அதே லயத்தில்தான் இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன். கதவைச் சாத்தினால் திரும்பி வந்துவிடுவேன். அப்படியானால் அந்தப் பிள்ளைகள் வேறு கதை பார்க்க வேண்டும்.