ஜூலை மழையில் ஹம்ப்டா கணவாய்: பாதயாத்திரைக் கால் போதுமா?

புதுவயல் நடையன்:
ஜூலை கடைசியில் நாலு பேர் மணாலி போறோம். ஜோப்ராவில் ஏறி, ஹம்ப்டா கணவாய் (4,270 மீட்டர்) தாண்டி, சத்ருவில் இறங்குறதா திட்டம். வழிகாட்டி உண்டு, பையை நாங்களே சுமக்கிறோம். வருஷம் தவறாம பழனிக்கு நடக்கிற கால், அதனால நடைக்குப் பயமில்லை. மழைதான் யோசனை. ரெயின்கோட், பை உறை ரெண்டும் இருக்கு. ஷூ வாட்டர்ப்ரூஃபா வாங்கணுமா? வீட்டில் சீப்புச்சீடை கட்டித் தர்றாங்க, தாங்குமா?

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, பழனி ரோடு சமதரை. முதுகில் 12 கிலோவோட மலை இறங்கும்போது அடி வாங்குறது முன்தொடையும் முட்டியும். இப்பவே வாரம் ரெண்டு தடவை பிரான்மலை ஏறுங்க, பையில் தண்ணி பாட்டில் அடுக்கி 10 கிலோ. எடையை உச்சியில் கொட்டிட்டு இறங்காதீங்க, இறக்கத்துக்குத்தான் அந்தப் பயிற்சியே.

மழைக்கு வருவோம். அஞ்சு நாள் நனையாம நடக்க முடியாது, அந்த ஆசையை விட்டுடுங்க. வெளியே மழை விட்டாலும் கோட்டுக்குள்ள வேர்வை நனைக்கும். நடக்கும்போது உடம்புச் சூடு காப்பாத்தும், நின்னதும் குளிர் ஏறும். அதனால உடுப்பு ரெண்டே செட். ஒண்ணு நடக்க: பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. இன்னொண்ணு கூடாரத்துக்குள்ள மட்டும்: பனியன், பேன்ட், கம்பளி சாக்ஸ், குல்லா. காலையில் ஈரச் சட்டையைத் திரும்ப மாட்டக் கசக்கும், மாட்டித்தான் ஆகணும். காய்ஞ்சதைப் போட்டு மழையில் இறங்கினா ராத்திரிக்கு ஒண்ணும் மிஞ்சாது. பருத்தி, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், தண்ணியைக் குடிச்சுட்டு சூட்டை இழுக்கும்.

பை உறையை நம்பாதீங்க. முதுகுப்பக்கம் திறந்துதான் இருக்கு, தண்ணி பட்டை வழியா இறங்கி அடியில் தேங்கும். உள்ளே கனமான பாலிதீன் பை ஒண்ணை விரிச்சு, தூங்கும் பையையும் காய்ஞ்ச செட்டையும் போட்டு, வாயை முறுக்கி மடிச்சுக் கட்டுங்க. இறகு வச்ச தூங்கும் பை ஈரமானா உப்பாது, குளிரும் தாங்காது. இந்தப் பயணத்துக்குச் செயற்கை நார்தான்.

பள்ளத்தூர் ஆச்சி:
வாட்டர்ப்ரூஃப் ஷூவில் கணுக்கால் வழியா தண்ணி புகுந்தா வெளியேறாது. ஓடை நிறைய இருக்கிற பாதை, வடியுற ஷூ பரவாயில்லை, ஆனா அடிப்பிடி நல்லா இருக்கணும். காலையில் பாதத்துக்கு வாஸ்லின். ராத்திரி ஷூவுக்குள்ள செய்தித்தாளைச் சுருட்டித் திணிச்சு, ஊறினதும் மாத்துங்க. உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி எரிய ஆரம்பிச்சா அன்னிக்கு ராத்திரி முழுக்கக் காய விடணும், இல்லேன்னா தோல் உரிஞ்சிடும்.

சீப்புச்சீடை தாராளமா எடுங்க, எண்ணெயில் பொரிச்சது, எடைக்கு நல்ல சத்து. ஆனா டப்பாவா வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம், காத்தை வெளியேத்தி ஒட்டிடுங்க. ஒரு தடவை திறந்தா அந்த ஈரக்காத்தில் சாயங்காலத்துக்குள்ள நமத்துப்போகும்.

கானாடுகாத்தான் வாசி:
எல்லாரும் துணியைப் பேசியாச்சு, ஆத்தைப் பேசுவோம். அங்கே உயிருக்கு ஆபத்து ஓடைதான். பனி உருகுற தண்ணி, வெயில் ஏற ஏறக் கூடும், விடியக்காலையில்தான் கம்மி. கணவாய் தாண்டினதும் தங்குற சியாகோரு முகாமிலிருந்து கிளம்பும்போது கடக்கிற ஓடைக்கு இது ரொம்பப் பொருந்தும். இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழட்டிடுங்க, விழுந்தா பையை உதறிட்டு எழணும். ஷூவோட இறங்குங்க, வெறுங்காலைக் கல் கிழிச்சிடும். தண்ணி வர்ற பக்கத்தைப் பார்த்து நின்னு, தடியை முன்னால ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரே காலை நகர்த்துங்க. குறுகலான இடம் வசதின்னு தோணும், அங்கேதான் ஆழமும் வேகமும். அகண்ட இடம் பாருங்க. முட்டிக்கு மேல வேகமா ஓடினா, தண்ணி கலங்கி உருளுற கல் சத்தம் கேட்டா, காத்திருங்க.

புதுவயல் நடையன்:
நன்றி அண்ணே, ஆச்சி. கணவாய்க்கு அந்தப் பக்கமும் இதே மழையா?

கானாடுகாத்தான் வாசி:
இல்லை. அந்தப் பக்கம் இருக்கிற லாஹௌல் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி, பச்சை முடிஞ்சு கல்லும் மண்ணுமா மாறிடும். மழை குறையும், காத்து கூடும். இன்னொண்ணு, உயரத்தில் தலைவலியோட குமட்டல் வந்தா மேல ஏறாதீங்க, ஓய்வெடுத்தும் கூடினா இறங்கிடணும். நடுங்கிக்கிட்டிருந்தவன் சட்டுனு நடுக்கம் நின்னு உளற ஆரம்பிச்சா தேறிட்டான்னு நினைக்காதீங்க, அதுதான் மோசமான கட்டம். ஈரத்தைக் கழட்டி, காய்ஞ்சதை மாட்டி, தூங்கும் பைக்குள்ள விடுங்க. திரும்ப சத்ருவிலிருந்து அடல் சுரங்கம் வழியா வண்டி. மழையில் ரோடு சரியும், டில்லி ரயிலுக்கு நடுவில் ரெண்டு நாள் சும்மா வச்சுக்கிட்டு டிக்கெட் போடுங்க.