பாரிஸ் பயணம்: அம்மாவுக்குக் கால் வீங்காமல் இருக்க எந்த ஸ்டாக்கிங், எப்போது போடணும்?

லாஸ்பேட்டைவாசி:
அம்மாவுக்கு வயது 66, உயரம் 4 அடி 11 அங்குலம். பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார். இரவு 9 மணிக்குப் புதுச்சேரியில் கார் ஏறினால், விடியற்காலை 4 மணிக்குச் சென்னையில் ஃபிளைட். தோஹாவில் மாறி மறுபடி ஏழு மணி நேரம். பஸ்ஸில் நாலு மணி நேரம் உட்கார்ந்தாலே இரண்டு கணுக்காலும் வீங்கிவிடும். பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. சர்க்கரை இல்லை. புடவைதான் கட்டுவார். காலை இறுக்கிப் பிடித்து வீக்கம் வராமல் தடுக்கும் ஸ்டாக்கிங் (கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்) தொடை வரைக்கும் வாங்கணுமா, முழங்கால் வரை போதுமா?

கெண்டைக்கால்:
முழங்காலுக்குக் கீழ் வரை போதும். தொடை வரை உள்ளது, உட்காரும்போது முழங்கால் மடிப்பில் சுருண்டு இறுக்கும். கிளாஸ் 1 கேளுங்கள்: கணுக்காலில் 18 முதல் 21 மி.மீ. பாதரச அழுத்தம். வெள்ளை நிறத்தில், விரல் பக்கம் ஓட்டையோடு எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஆபரேஷன் முடிந்து படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு.

அளவைக் காலையில் எழுந்ததுமே எடுங்கள், சாயங்காலம் எடுத்தால் வீக்கத்தைத்தான் அளப்பீர்கள். கணுக்கால் எலும்புக்கு மேலே ஒல்லியான இடத்தின் சுற்றளவு, கெண்டைச்சதையின் பருத்த இடத்தின் சுற்றளவு, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை நீளம், மூன்றும் வேண்டும். அம்மா உயரத்துக்கு நீளம்தான் முக்கியம். மிச்சம் வருகிறதே என்று மேலே மடித்துவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் கூடி, கயிறு கட்டியது மாதிரி ஆகிவிடும். பாதம் இன்னும் வீங்கும்.

அவர் கிளம்புவது ராத்திரி. பகலெல்லாம் நின்ற வீக்கத்தோடு போடக்கூடாது. எட்டு மணிக்குப் படுத்து, இரண்டு தலையணை மேல் காலை வைத்து அரை மணி நேரம் இருக்கட்டும். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள். ஸ்டாக்கிங்கைக் குதிகால் வரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு மீதியை மேலே ஏற்றணும். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டால் பிடி வழுக்காது. அன்றைக்குக் காலில் தேங்காய் எண்ணெய் வேண்டாம். கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று நாள் வீட்டில் போட்டுப் பழகட்டும்.

நடக்கும்போது கெண்டைச்சதை வலித்து, நின்றால் சரியாகிறதா? விரல்கள் ஜில்லென்று இருக்குமா? அப்படியானால் டாக்டர் பார்க்காமல் ஸ்டாக்கிங் போடவே கூடாது. அம்லோடிபினாலும் கணுக்கால் வீங்கும். நீங்களாக நிறுத்தாமல், பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி, மெட்டியை யாரும் நினைக்க மாட்டார்கள். விரல் வீங்கினால் மூடின வளையம் சதைக்குள் புதைந்துவிடும், வழியில் கழற்றவே முடியாது. கழற்ற மனசில்லை என்றால் பின்பக்கம் திறந்த மெட்டியாக மாற்றி, சற்றே நெகிழ்த்திவிடுங்கள். ஸ்டாக்கிங்குக்கு அடியில் கொலுசு வேண்டாம், தடம் பதிந்து புண்ணாகும். செருப்பு வெல்க்ரோ பட்டை வைத்ததாக இருக்கட்டும்.

அந்த உயரத்துக்குச் சீட்டில் பாதம் தரையில் படியாது. சீட் விளிம்பு தொடையின் அடியை அழுத்தும். சின்னக் கைப்பையைத் துணி வைத்து அடைத்து, காலுக்குக் கீழே வைத்தால் முழங்கால் சற்று உயரும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதை முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடணும். அதனால் முன்னால் சீட் இல்லாத முதல் வரிசை வேண்டாம், நடைபாதையை ஒட்டிய சீட்டாக எடுங்கள்.

லாஸ்பேட்டைவாசி:
நன்றி அக்கா. மொழி தெரியாததால், கூட ஆள் வந்து அழைத்துப்போக ஏர்போர்ட்டில் வீல்சேர் உதவி கேட்டிருக்கிறோம். உறவினர் ஒருவர் ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்கிறார்.

கெண்டைக்கால்:
ரத்தக்கட்டுக்கு (வெகுநேரம் உட்கார்ந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது) பயந்து ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். வெறும் பயணத்துக்காக அதைப் பரிந்துரைப்பதில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கைப்படி, நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர்தான். முன்பு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, சமீபத்தில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ கணக்கு வேறு. டாக்டர்தான் முடிவு செய்யணும்.

வீல்சேர் இருக்கட்டும். ஆனால் தோஹாவில் கேட் வந்ததும் எழுந்து பத்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். காலில் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச்சதைதான், அது சும்மா இருந்தால் ரத்தம் தேங்கும். காரில் போகிற மூன்று மணி நேரமும் சேர்த்தி; கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி ஒரு தடவை இறங்கி நடக்கட்டும். சீட்டில் அரை மணிக்கொரு தடவை, குதிகால் ஊன்றி விரல் தூக்குவது இருபது, விரல் ஊன்றிக் குதிகால் தூக்குவது இருபது. புடவையோடு டாய்லெட் போகத் தயங்கிப் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. மணிக்கு அரை டம்ளராவது குடிக்கட்டும், எழுந்து போவதே நடைதான். உள்பாவாடை நாடாவை ஒரு விரல் நுழையும்படி தளர்த்திக் கட்டட்டும்.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி ஓரிரு நாளில் வடிந்தால் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலியும் சூடும் இருந்தால் அன்றைக்கே டாக்டர். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் பிரான்ஸில் அக்கா 15-ஐ அழைக்கணும். போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்தும் ரத்தக்கட்டு வரலாம், அக்காவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.