பேஸ்பால் வீரர்களின் சம்பளம் ஆட்டத்துக்குத் தக்கதா? புள்ளியியல் என்ன சொல்கிறது?

வளைபந்து:

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் வீரர்கள் வாங்கும் சம்பளத்துக்கும் களத்தில் அவர்கள் காட்டும் திறனுக்கும் பொருத்தம் உண்டா என்று பார்க்க, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, பேஸ்பால் புள்ளிவிவரங்களின் தொகுப்பான லாமன் தரவுத்தளத்தைக் கொண்டு கணக்கிட்டேன். அதில் 1985 முதல் 2016 வரையிலான சம்பளப் பட்டியல் இருக்கிறது. மட்டையாளர்களின் ஆண்டுச் சம்பளத்தை ஓர் அச்சிலும், அதே ஆண்டின் ஆன்-பேஸ் விகிதத்தை (மட்டையாளர் ஆட்டமிழக்காமல் பேஸை, அதாவது ஓடிச் சேரும் நிலையை, எத்தனை முறை அடைகிறார் என்பதை) மற்றோர் அச்சிலும் வைத்துச் சிதறல் படம் வரைந்தபோது, புள்ளிகள் எந்தக் கோட்டையும் சுற்றித் திரளாமல் படம் முழுவதும் பரந்து கிடந்தன.

தனி வீரர்களைப் பார்த்தாலும் இதே நிலைதான். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 2016 தொடக்கத்தில் கிறிஸ் டேவிஸுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது; 2018-இல் அவருடைய மட்டைச் சராசரி மிகவும் தாழ்ந்து .168 ஆனது. அதுவரை எந்த அணியும் சம்பளத்துக்குச் செலவிடாத தொகையைச் செலவிட்ட நியூயார்க் மெட்ஸ், 2023-இல் 75 ஆட்டங்களை மட்டுமே வென்றது. ஆகவே, அணிகள் பெயருக்குப் பணம் கொடுக்கின்றனவே தவிர ஆட்டத்துக்குக் கொடுக்கவில்லை என்பது என் முடிவு.

கணக்கதிகாரன்:

நண்பர் வளைபந்து அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. நீங்கள் ஒரே படத்தில் மூன்று வேறு உலகங்களைக் கலந்துவிட்டீர்கள். ஒரு வீரர் முதல் மூன்று ஆண்டுகள் ஏறத்தாழ குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடுகிறார். 2025-இல் அந்தத் தொகை 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டுகள், சிறு விதிவிலக்குகள் தவிர, அணியுடன் உடன்பாடு ஏற்படாவிட்டால் நடுவர் (களத்து நடுவர் அல்ல, சம்பளத் தகராறைத் தீர்ப்பவர்) முன் சென்று சம்பளத்தை முடிவு செய்துகொள்ளலாம். ஆறு ஆண்டுகள் நிறைந்த பிறகே ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பிய அணியுடன் பேரம் பேச முடியும்.

கிறிஸ் பிரையன்ட் 2016-இல் தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அந்த ஆண்டு அவருடைய சம்பளம் 6.52 லட்சம் டாலர். அவரையும் பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் போக்கு) நீர்த்துப்போவது இயல்பு. அது அணிகளின் அறியாமையைக் காட்டவில்லை, ஒப்பந்த விதியைக் காட்டுகிறது. பணி ஆண்டுகளின்படி மூன்று குழுக்களாகப் பிரித்து, சம்பளத்தை அப்படியே எடுக்காமல் அதன் மடக்கையை எடுத்து மீண்டும் கணக்கிடுங்கள். ஒரு சிலரின் பெருந்தொகை பரவலை ஒரு பக்கமாக இழுத்துவிடுவதால், மடக்கை எடுக்காத படத்தில் மற்றவர்கள் எல்லாரும் ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகிறார்கள்.

வளைபந்து:

குழுவாகப் பிரிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால், சம்பளம் ஆட்டத்துக்குப் பொருந்துகிறதா என்பதே என் கேள்வி. அது ஏன் பொருந்தவில்லை என்பதற்கு நீங்கள் காரணம் கூறியிருக்கிறீர்களே தவிர, பொருந்துகிறது என்று காட்டவில்லை. 1974-இல் ஜெரால்ட் ஸ்கல்லி என்ற பொருளாதார அறிஞர், ஒவ்வொரு வீரரும் அணியின் வெற்றிக்கு எவ்வளவு உதவினார், அந்த வெற்றி எவ்வளவு வருவாய் தந்தது என்று இரண்டு படிகளாகக் கணக்கிட்டு, வீரர்கள் ஈட்டித் தந்ததில் மிகச் சிறிய பங்கே அவர்களுக்குச் சம்பளமாகக் கிடைத்தது என்று காட்டினார். வீரரை ஒரே அணியோடு கட்டிவைத்திருந்த பழைய விதி, 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவரின் தீர்ப்பால்தான் தளர்ந்தது. முதல் ஆறு ஆண்டுகளுக்கு அந்தக் கட்டு இன்னும் முழுமையாக அவிழவில்லை.

நீங்கள் சொன்ன பிரையன்டையே எடுத்துக்கொள்வோம். 172 நாட்கள் அணியில் இருந்தால் ஓர் ஆண்டுப் பணி. 2015-இல் அவரைச் சிகாகோ கப்ஸ் அணி, சீசன் தொடங்கிய பின் ஏப்ரல் 17 அன்று களமிறக்கியதால் அவருக்கு 171 நாட்களே கணக்கில் சேர்ந்தன. ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவருடைய விடுதலை ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அவர் தொடுத்த முறையீடும் 2020-இல் தள்ளுபடியானது. இதை வெறும் விதி என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மலர்விழி:

கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். உங்கள் இருவருடைய வாதத்துக்கும் முன்னால் அளவீடு பற்றிய கேள்வி ஒன்று நிற்கிறது. ‘சம்பளம்’ என்ற மாறியில் எந்த எண்ணை இடப்போகிறீர்கள்? ஷோஹெய் ஓட்டானி 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுடன் பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். அதில் 68 கோடி பிற்காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2024-இல் 54 ஹோம் ரன்களும் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்தவை) 59 பேஸ் திருட்டுகளும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவை) கண்ட அந்த ஆண்டுக்கு அவர் கைக்கு வருவது 20 லட்சம் டாலர். சம்பளச் செலவு வரம்பை மீறும் அணிகளுக்கு விதிக்கும் வரிக்காக லீக் தன் கணக்கில் எழுதும் தொகையோ ஏறத்தாழ 4.6 கோடி. எந்த எண்ணை எடுக்கிறோமோ அதற்கேற்ப அவர் மலிவானவராகவோ விலை உயர்ந்தவராகவோ தெரிவார்.

ஆட்டத்தை அளப்பதிலும் சிக்கல் உண்டு. எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட ஒருவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தருகிறார் என்று சொல்லும் ‘வார்’ என்ற அளவை எடுத்தாலும், பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்களுக்கு) ஒரு புள்ளிவிவர இணையதளம் அவர்கள் விட்டுக்கொடுத்த ரன்களிலிருந்து கணக்கிடுகிறது. மற்றோர் இணையதளம் ஸ்ட்ரைக்-அவுட் (பந்துவீச்சாலேயே மட்டையாளரை வெளியேற்றுவது), வாக் (தவறான பந்துகளால் அவருக்கு இலவசமாகப் பேஸ் கிடைப்பது), ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்து கணக்கிடுகிறது.

வளைபந்து அவர்கள் அதே ஆண்டின் ஆட்டத்தை எடுத்ததும் பொருந்தாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அணியின் கையில் இருப்பது கடந்தகால ஆட்டமும் அதிலிருந்து செய்த கணிப்பும்தான். டேவிஸ் 2015-இல் 47 ஹோம் ரன்கள் அடித்த கையோடு ஒப்பந்தம் பெற்றார். உச்சத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அடுத்த ஆண்டுகளில் தம் வழக்கமான சராசரியை நோக்கி இறங்குவதை எதிர்பார்க்க வேண்டும். பல அணிகள் போட்டியிடும்போது, அவரை மிகையாக மதிப்பிட்ட அணியே வெல்லும் வாய்ப்பு அதிகம். எனவே ஒப்பந்தங்கள் பின்னாளில் ஏமாற்றம் தருவதற்கு ‘பெயருக்குப் பணம்’ என்ற விளக்கம் தேவையில்லை. அதே வேளையில், சந்தை சரியாகவே விலை வைக்கிறது என்ற முடிவும் இதிலிருந்து கிடைக்காது.

கணக்கதிகாரன்:

மலர்விழி அவர்கள் சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்றவற்றை ஏற்கிறேன். சந்தை கற்றுக்கொள்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2002-இல் ஓக்லாந்து அணி ஏறத்தாழ 4 கோடி டாலர் சம்பளச் செலவில் 103 ஆட்டங்களை வென்றது. 12 கோடிக்கும் மேல் செலவிட்ட நியூயார்க் யாங்கீஸும் அதே 103-ஐத்தான் வென்றது. பேஸை அடையும் திறனுக்குச் சந்தை அன்று குறைவாக விலை வைத்திருந்தது. அணிகளின் வெற்றியில் அத்திறனின் பங்கையும் சம்பளத்தில் அதற்குக் கிடைத்த எடையையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியான பொருளாதார ஆய்வொன்று, 2004-க்குள் அந்தக் குறை பெரும்பாலும் நேராகிவிட்டதைக் காட்டியது. ஆட்டத்தைக் கவனிக்காமல் பெயரை மட்டும் பார்க்கும் சந்தை இப்படித் திருந்தியிருக்காது.

பிரையன்டின் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2022-இல் கொலராடோ ராக்கீஸ் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 18.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. காயங்களால் முதல் நான்கு சீசன்களில் அவர் ஆடியது 170 ஆட்டங்கள். இளமையில் குறைத்துக் கொடுத்தது பின்னாளில் வந்து சேர்ந்தது. வாழ்நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் பொருத்தம் நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமானது.

வளைபந்து:

பெயருக்குத்தான் பணம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதே ஆண்டின் ஆட்டத்தோடு ஒப்பிட்டது என் பிழை. ஆனால் வாழ்நாள் கூட்டலை ஏற்க மாட்டேன். பெரும்பாலான வீரர்கள் ஆறு ஆண்டுகளை எட்டுவதே இல்லை. மூன்றாம் ஆண்டில் தோள் பழுதான பிட்சருக்குப் பின்னாள் என்று ஒன்று கிடையாது. அவர் உங்கள் ஃப்ரீ ஏஜென்ட் குழுவுக்குள் வருவதும் இல்லை. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் வைத்துக் கூட்டினால் கணக்கு நேராகத்தான் தெரியும். லீக் முழுவதற்குமான 2022 கூட்டு ஒப்பந்தத்தில், நடுவர் முறைக்குத் தகுதி பெறாத இளம் வீரர்களில் சிறந்தோருக்கென்று ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஊக்கத்தொகையை அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் சேர்ந்தே ஒதுக்கினார்கள். அங்கே ஓர் இடைவெளி இல்லாவிட்டால் அதற்குத் தேவை என்ன?

லாமன் சம்பளப் பட்டியலில் பணி ஆண்டுகள் இல்லை. முதல் ஆட்டத் தேதி தனி அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொண்டு குழு பிரித்து, முந்தைய மூன்று ஆண்டுகளின் ஆட்டத்தோடு ஒப்பிட்டு, ஆறு ஆண்டுகளுக்குள் விலகியவர்களையும் விடாமல் சேர்த்து மீண்டும் கணக்கிடப்போகிறேன்.

மலர்விழி:

முதல் ஆட்டத் தேதியை மட்டும் நம்பினால் பிரையன்ட் ஓர் ஆண்டு முன்னதாகவே ஃப்ரீ ஏஜென்ட் குழுவில் விழுந்துவிடுவார். சீசன் தொடங்கிய முதல் சில வாரங்களில் அறிமுகமானவர்களைத் தனியே எடுத்துவைத்து, அவர்களைச் சேர்த்து ஒரு முறையும் நீக்கி ஒரு முறையும் கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் இங்கே இடுங்கள்.