புதுப்பிப்பு: 2,10,000 கி.மீ. ஓடிய டீசல் காரில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் மாற்றியாயிற்று

எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன்; பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. கிளட்ச் தட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொன்னார்கள் என்றாலும், கியர்பாக்ஸை இறக்கியதும் ஃப்ளைவீலின் (எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இடையே, ஸ்பிரிங்கால் இணைந்த இரண்டு தட்டுகளாலான, அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) ஆட்டத்தைக் கையால் சோதித்துவிட்டு முடிவெடுக்கச் சொன்ன நண்பரின் யோசனையே சரியாக அமைந்தது. ஃப்ளைவீலின் கிளட்ச் பக்கத்துத் தட்டைப் பிடித்துத் திருப்பினால், ஸ்பிரிங்கின் எதிர்ப்பே தெரியாமல் இரு பக்கமும் தாராளமாகச் சுழன்றது. உள்ளிருந்த கிரீஸ் கறுத்து விளிம்பெல்லாம் சிதறியிருந்தது.

ஃப்ளைவீலுடன் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய கிளட்ச் பாகங்களையும் மாற்றினேன். ஃப்ளைவீல் போல்ட்டுகள் முறுக்கும்போது நீண்டுவிடும், மறுபடி பயன்படுத்தக் கூடாத வகை என்பதால், பழையதே போதும் என்று மெக்கானிக் சொல்லியும் புதியவற்றையே போடச் சொன்னேன்.

எதிர்பாராதது இரண்டு. கிராங்க்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீல் கசிந்திருந்தது. கியர்பாக்ஸ் கீழே இருந்ததால் கூடுதல் கூலியில்லாமல் மாறிவிட்டது. மற்றொன்று, சத்தம் போன பிறகும் ஐட்லிங்கில் சிறு அதிர்வு நீடித்ததுதான். ஒரு இன்ஜெக்டர் சரியாக எரிபொருள் தெளிக்கவில்லை. அதைப் பழுது பார்த்த பிறகே அடங்கியது. பழைய ஃப்ளைவீலைத் தேய்த்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இதுவரை 900 கி.மீ. ஓட்டியாயிற்று, அணைக்கும்போது சத்தமே இல்லை.