66 டீலக்ஸ் ரிவெர்ப்: கண்டன்சர் மாத்தினா பழைய சவுண்டு போயிடுமா?

ஆறுகம்பி:
என்னோட வால்வு கித்தார் ஆம்ப் 1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், கறுப்பு முகப்பு, ஏபி763 சர்க்யூட். அமெரிக்காவுக்குள்ள விக்கிறதுக்குச் செஞ்சது, அதனால 117 வோல்ட் மட்டும். வால்யூமை பூஜ்யத்துல வச்சாலும் "ம்ம்ம்"னு ஹம் வருது. கீழ் கம்பியை அழுத்தி அடிச்சா சவுண்டு தொளதொளன்னு இருக்கு, ரிவெர்ப் (ஸ்ப்ரிங் வச்சு வர்ற எதிரொலி) அறவே இல்ல. மேலே தகர மூடிக்குள்ள இருக்கற பெரிய கண்டன்சர் அஞ்சும் கம்பெனியில போட்டதுதான். "ஒரிஜினலைத் தொடாதே, சவுண்டு போயிடும்"னு சொல்றாங்க. நிஜமா? நம்ம 230 வோல்ட்ல ஓட்ட எந்த ஸ்டெப் டவுன் (வோல்டேஜை இறக்கற டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கலாம்?

வால்வுதாசன்:
முதலில் கரண்டு, சவுண்டு பிறகு. 300 விஏ ஸ்டெப் டவுன் போதும், ஆனால் வெளியே 110 வோல்ட் வருவதாக இருக்க வேண்டும். ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது. நம் 50 ஹெர்ட்ஸில் அதே 117 கொடுத்தால் இரும்புக் கோர் திணறும், சூடாகும். அதற்காக 100 வோல்ட்டுக்கு இறக்கினால் வால்வைச் சூடேற்றும் ஹீட்டரில் 6.3-க்குப் பதில் 5.4 வோல்ட்தான் கிடைக்கும், வால்வுக்கு அது பற்றாது. 110-ல் ஹீட்டர் 5.9 வரும், பத்து சதவீத வரம்புக்குள் நிற்கும். பியூஸ் 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோதான், மாற்ற வேண்டாம்.

கடையில் கிடைக்கும் ஸ்டெப் டவுன் பலவற்றில் அமெரிக்க இரட்டைப் பின் சாக்கெட்தான் இருக்கும், எர்த்து வராது. சுவரின் எர்த்தை நேராக ஆம்ப் சேஸிஸ் வரை கொண்டுபோங்கள். பழைய இரண்டு கம்பி வயரைக் கழற்றிவிட்டு மூன்று கம்பி வயர் போடுங்கள். கிரவுண்டு சுவிட்சிலிருந்து சேஸிஸுக்குப் போகும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சரை வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் முழுக்க கித்தார் கம்பியில் நிற்கும். இதில் "ஒரிஜினல்" பேச்சே கூடாது.

சால்டர் மணி:
கண்டன்சர் கேள்விக்கு வரேன். மூடிக்குள்ள இருக்கற அந்தப் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் வண்டி டயர் மாதிரி, தேய்ஞ்சா மாத்தணும். உள்ளே ஈரப்பசை காஞ்சுபோனா ஹம்மை வடிகட்டாது, பாஸும் நிக்காது. உங்க தொளதொளப்புக்கு அதுதான் முதல் சந்தேகம். அந்த ஆம்ப்போட குணம் இருக்கறது டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், டோன் சர்க்யூட் இதுலதான். மிட் குமிழே இல்லாம 6.8 கே ரெசிஸ்டரைப் போட்டு நடுச்சத்தத்தைப் பள்ளமா வச்சிருக்காங்களே, "கறுப்பு முகப்பு சவுண்டு"னு எல்லாரும் உருகறதுல பெரும்பங்கு அந்தப் பள்ளத்துக்குத்தான். எலக்ட்ரோலிட்டிக் மாத்தறதால அதுல ஒண்ணும் குறையாது. கழட்டினதை ஒரு கவர்ல போட்டு ஆம்ப் கூடவே வைங்க, விக்கும்போது மதிப்புக்கு உதவும்.

மூடிக்குள்ள இருக்கறது 16 மைக்ரோஃபாரட் 450 வோல்ட், அஞ்சு. 16 இல்லன்னா 22 போடலாம், 500 வோல்ட் தாங்கறதா வாங்குங்க. முதல் ரெண்டும் பாரலல், சேர்த்து 44 ஆகும். ஏசியை டிசி ஆக்கற ரெக்டிஃபையர் வால்வு ஜிஇசட்34 அறுபது வரைக்கும் தாங்கும். "பெருசா போட்டா நல்லது"ன்னு 100 போட்டீங்கன்னா ரெக்டிஃபையர் வால்வு பொறி கக்கும். பயாஸ் (பவர் வால்வு எவ்வளவு கரண்டு இழுக்கணும்னு நிர்ணயிக்கற வோல்டேஜ்) கண்டன்சரையும் விடாதீங்க, 25-க்குப் பதிலா 47 மைக்ரோஃபாரட் 100 வோல்ட். அதுல மட்டும் ப்ளஸ் சேஸிஸ் பக்கம் போகும், ஏன்னா பயாஸ் மைனஸ் வோல்டேஜ். பழக்கதோஷத்துல திருப்பிப் போட்டா வெடிக்கும், கூடவே 6வி6 பவர் வால்வு ரெண்டும் செவந்து போயிடும்.

கை வைக்கறதுக்கு முன்னாடி: பிளக்கை உருவிட்டு, ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கற நிலையில விட்டு, முதல் 12ஏஎக்ஸ்7 வால்வோட பின் 1-லேர்ந்து சேஸிஸுக்கு ஒரு கிளிப் வயர். ஒரு நிமிஷம் கழிச்சு பெரிய கண்டன்சர் ஒவ்வொண்ணையும் மீட்டர்ல பாருங்க. 400 வோல்ட் உள்ளே உக்காந்திருக்கும், விளையாட்டில்ல. மாத்தினப்புறம் முதல் தடவை வால்வு எதுவும் போடாம, 60 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல வச்சுப் போடுங்க. பளிச்சுன்னு எரிஞ்சு மங்கினா சரி. எரிஞ்சுகிட்டே இருந்தா எங்கேயோ ஷார்ட்.

ஆறுகம்பி:
நன்றி. மின்சார வேலையும் கண்டன்சரும் முடிஞ்சது. பாஸ் இறுகிடுச்சு. ஹம் பாதிதான் குறைஞ்சிருக்கு. 6வி6 பின் 8-ல 1 ஓம் ரெசிஸ்டர் வச்சுப் பாத்தேன் (1 மில்லிவோல்ட்னா 1 மில்லிஆம்பியர்): ஒண்ணுல 29 மில்லிவோல்ட், இன்னொண்ணுல 13. பிளேட்ல 392 வோல்ட். வால்வை இடம் மாத்திப் போட்டாலும் அதே சாக்கெட்லதான் 29. மேட்ச் பண்ணின புது ஜோடி வாங்கணுமா?

வால்வுதாசன்:
வேண்டாம். இடம் மாற்றியும் கோளாறு சாக்கெட்டிலேயே நிற்கிறது, ஆக வால்வின் மேல் குற்றமில்லை. இரண்டு 6வி6-ஐயும் பிடுங்கிவிட்டு ஆம்பைப் போட்டு, இரு சாக்கெட்டிலும் பின் 5-ல் வோல்டேஜ் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆறுகம்பி:
ஒண்ணு மைனஸ் 34. அந்த 29 பக்கம் மைனஸ் 29.5.

வால்வுதாசன்:
பிடிபட்டது. ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து (சிக்னலை எதிரெதிராகப் பிரித்து இரண்டு 6வி6-க்கும் அனுப்பும் பகுதி) அந்த கிரிடுக்கு, அதாவது பின் 5-க்கு, வரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் கசிகிறது. இன்வெர்ட்டர் பிளேட்டின் டிசி கொஞ்சம் உள்ளே வந்து பயாஸைத் தின்றுவிடுகிறது. ஹம்மும் அதனால்தான்: இரண்டு வால்வும் சமமாக இழுத்தால், சப்ளையில் மிச்சமிருக்கும் 100 ஹெர்ட்ஸ் அலை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதியிலும் எதிரெதிராக வந்து தானே அடங்கும். 29-க்கு 13 என்றால் எப்படி அடங்கும்? அந்த வால்வு 11 வாட்டுக்கு மேல் வெந்துகொண்டிருக்கிறது.

ஒரிஜினல் நீலநிற கண்டன்சர் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். 630 வோல்ட் ஃபிலிம், 0.1, அந்த ஜோடியை மட்டும் மாற்றுங்கள். டோன் பக்கம் உள்ள நீலங்கள் கசியாதவரை இருக்கட்டும். பிறகு பயாஸ் குமிழை வைத்து ஒவ்வொன்றும் 21, 22 மில்லிஆம்பியருக்குக் கொண்டுவாருங்கள். குமிழ் எட்டாமல் இன்னும் குளிர்ச்சியாகவே நின்றால், அதோடு இருக்கும் 27 கே ரெசிஸ்டரை 22 ஆக்குங்கள். 6எல்6 போட்டால் பலம் கூடும் என்று யாராவது வருவார்கள். ஹீட்டருக்கு ஒவ்வொன்றும் 0.9 ஆம்பியர், 6வி6-க்கு இரண்டு பங்கு. அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தச் சுமை வேண்டாம்.

நீலக்குமிழ்:
ரிவெர்ப்பை யாரும் தொடலயே. ரிவெர்ப் குமிழைத் திறந்து வச்சுகிட்டு ஆம்பை லேசா உலுக்குங்க. "டங்ங்"னு ஸ்ப்ரிங் சத்தம் ஸ்பீக்கர்ல கேட்டா திரும்பி வர்ற பக்கம் நல்லாருக்கு, அனுப்பற பக்கம்தான் சந்தேகம்: மூணாவதா நிக்கற வால்வு 12ஏடி7, அதோட சின்ன டிரான்ஸ்ஃபார்மர், டேங்க் (ஸ்ப்ரிங் இருக்கற பெட்டி) இன்புட் காயில். எதுவும் கேக்கலன்னா டேங்க்கைக் கழட்டி மீட்டர் வைங்க. இன்புட் 1 ஓமை ஒட்டி, அவுட்புட் 200 ஓமை ஒட்டி இருக்கணும். அவுட்புட் ஓப்பன்னு காட்டினா காயிலேர்ந்து சாக்கெட்டுக்குப் போற தலைமுடி மாதிரி வயரைப் பாருங்க, பெரும்பாலும் அங்கதான் அறுந்திருக்கும். அதுக்கெல்லாம் முன்னாடி ஃபுட் சுவிட்ச் பிளக்கை உருவிப் பாத்துடுங்க. அந்த வயர் ஷார்ட் ஆனாலே ரிவெர்ப் செத்த மாதிரிதான்.

கடலோர ஊர்ல இருக்கீங்கன்னா இன்னொண்ணு. பாகமெல்லாம் உக்காந்திருக்கற கறுப்பு மெழுகு அட்டை ஈரம் குடிக்கும். மழை நாள்ல மட்டும் சடசடன்னு கேட்டா, மீட்டர் முனையை ஒண்ணும் இல்லாத வெற்று அட்டையில வச்சுப் பாருங்க. அங்கேயே சில வோல்ட் காட்டினா அட்டையே கரண்டு கடத்துது. ஆஃப் பண்ணி, டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, ஹேர் டிரையர்ல இதமான சூட்டுல அரைமணி நேரம் காய வச்சு, மறுபடி அளந்து பாருங்க.

ஆறுகம்பி:
ஃபுட் சுவிட்ச் வயர்தான்! உருவினதும் ரிவெர்ப் வந்துடுச்சு. 0.1 ரெண்டும் போட்டாச்சு, இப்ப 22-ம் 21-ம் காட்டுது. ஹம் ஸ்பீக்கர்ல காது வச்சாத்தான் கேக்குது. அட்டையில வோல்டேஜ் இல்ல.